கீறல் விழாத இரண்டு நிமிடம்

மார்ச் 3

தங்கைக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கோபக்காரர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை. இது வேலை விஷயம்.

பள்ளிக்கூடங்களைச் சுற்றிவந்த நம் எலிப் படத்தின் மூன்று பிரதிகளும் நேற்று ஸ்டுடியோவுக்குத் திரும்பின. மேஜை விளக்கின் மேல் வைத்து ஓட்டிப் பார்த்தேன். மாடி எலிகளும் கீழ்வீட்டு எலிகளும் ஒரு சட்டைப் பொத்தானுக்காக அடித்துக்கொள்கிற நான்கு நிமிடமும், அதாவது நீ வரைந்த பகுதி முழுவதும், மழை பெய்த மாதிரி கீறல். ஃபிலிம் ஓரத்துத் துளைகள் கிழிந்து, இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்ணாடி போட்ட கிழட்டுப் பல்லி சுவரிலிருந்து இறங்கி வந்து சண்டை எதற்கு என்று கேட்கிற இரண்டு நிமிடம், நான் வரைந்தது, நேற்றுக் கழுவி எடுத்த மாதிரி பளபளவென்று இருக்கிறது. மூன்று பிரதியிலும் அப்படியே.

ஒரு கீறல்கூட இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷினில் ஓடினால்தான் கீறல் விழும், பல்லியை யாருமே ஓட்டவில்லை. சண்டை முடிந்ததும் ஆபரேட்டர்கள் மெஷினை நிறுத்திவிட்டார்கள். யாரும் தடை போடவில்லை, யாரும் வெட்டச் சொல்லவில்லை. தாங்களாகவே நிறுத்தியிருக்கிறார்கள்!

இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. படம் எடுக்க ஃபிலிம் கொடுத்தது அரசாங்கத் தகவல் அலுவலகம்தானே. எந்தப் பகுதியை வேண்டுமானாலும் தனியாகக் காட்டிக்கொள்ளலாம் என்ற தாளில் அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், படித்துப் பார்க்காமல். இப்போது கடிதம் வந்திருக்கிறது. கடைசிவரை பிள்ளைகளை உட்காரவைக்கிற முடிவு ஒன்றை ஏப்ரல் முப்பதுக்குள் கொடுத்தால் முழுப் படமும் பள்ளிகளுக்குப் போகும். இல்லையென்றால் அந்தச் சண்டை நான்கு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் முகாம்களில் போடப்போகிறார்களாம். 'உற்சாகமாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள்.

தப்பு உன்னுடையது. வெடியையும் புகையையும் அவ்வளவு அழகாக யார் வரையச் சொன்னது? போர் கூடாது என்று படம் எடுத்தால் போரைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். நீ ஒரு மாதம் வந்து, புகையைப் பாதியாகக் குறைத்துக் கொடு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

மார்ச் 9

அண்ணாவுக்கு,

பதினொரு மாதம் கழித்து ஒரு கடிதம். அதில் கடைசி வரியில் "மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்". சொல்லவில்லை. நீ கேட்கவில்லையே, பிறகு எதைச் சொல்வது?

நீ மறந்திருப்பாய், அதனால் எழுதுகிறேன். முதல்முறை படம் போட்ட அன்று அவர் போர்முனையிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. என் சண்டைக் காட்சிக்கு மண்டபமே சிரித்தபோது அவரும் சிரித்தார். உன் பல்லி வந்ததும் எழுந்து வெளியே போய் பீடி பற்றவைத்தார். நீ பின்னாலேயே போய், அத்தனை பேர் முன்னால், "கொல்லப் போனவருக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?" என்றாய். அவர் விருப்பப்பட்டா போனார்? தபாலில் உத்தரவு வந்தது, போனார். அன்று அவர் பீடியைக் கீழே போட்டுச் செருப்பால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அணைந்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில்தான் நான் உன் ஸ்டுடியோவில் பென்சிலை வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது மருந்து பாட்டில்களுக்கு லேபிள் எழுதுகிறேன். 'நன்றாகக் குலுக்கவும்'. ஒரு நாளைக்கு நானூறு முறை. அவர் பஸ் ஓட்டியவர், இப்போது அதே டெப்போவில் பஸ் கழுவுகிறார். கை நடுக்கம் நிற்கவில்லை. ஸ்டீயரிங்கைக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். வீட்டில் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

புகையைக் குறைக்க வேண்டுமாம்! அண்ணா, என் புகையில் ஒரு குறையும் இல்லை. உன் பல்லிதான் செத்துக் கிடக்கிறது. அது சொல்வதில் ஒரு தப்பும் கிடையாது. சண்டை கெட்டது, எல்லாரும் ஒற்றுமையாக இருங்கள். இதை யார் மறுப்பார்கள்? மறுக்க முடியாததை இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டு எவன் உட்காருவான்? அந்த ஆபரேட்டர்கள் பாவம், பிள்ளைகள் எழுந்து ஓடும்போது யாருக்காக ஓட்டுவார்கள்?

வரமாட்டேன். புகையும் குறையாது.

தங்கை

மார்ச் 21

தங்கைக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். அன்றைக்கு நான் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இரண்டு வருடம் உழைத்த படத்தின் முடிவில் வீட்டு மாப்பிள்ளையே எழுந்து போனால் எனக்கு எப்படி இருக்கும் என்று நீயும் யோசித்திருக்கலாம். சரி, விடு.

நானே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இருநூறு பிள்ளைகள். கீழ்வீட்டு எலிகள் தையல் விரலுறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படியேறும்போதே குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தீப்பெட்டிப் பீரங்கி வெடித்ததும் கூரை பறந்துவிடும் போலச் சத்தம். நானும் சிரித்தேன், என்னால் அடக்க முடியவில்லை. நீ வரைந்த அந்தக் குண்டு எலி தொப்பியோடு மூன்று முறை உருண்டு போகிறதே, அந்த இடத்தில்.

பல்லி கண்ணாடியை மாட்டியது. பிள்ளைகள் ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தார்கள். பல்லி தொண்டையைக் கனைத்தது. டீச்சரம்மாவே எழுந்து ஆபரேட்டரிடம், "போதுங்க, மணி அடிச்சிரும்" என்றார். மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மைதானத்தில் எலிச் சண்டை விளையாடிய ஒரு பையன் செத்து விழுந்தான், எழுந்தான், இன்னும் நல்லா விழணும் என்று சொல்லி மறுபடி செத்தான். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள், அவர்கள் முறைக்காக.

ஸ்டுடியோவுக்கு வந்து படத்துக்கு மூன்று புது முடிவு வரைந்து பார்த்தேன். பல்லி அழுகிறது. பல்லி பாடுகிறது. பல்லிக்குப் பதில் எறும்பு பேசுகிறது. மூன்றும் குப்பை. வாயைத் திறந்தாலே குப்பையாகிவிடுகிறது.

இந்த எரிச்சலில் நம் கேமராக்காரர் வேறு. 'அரைத்தூக்கம்' என்று நீ பெயர் வைத்தது சும்மா இல்லை. உன் சண்டையைப் புதிதாக ஒரு நிமிடம் எடுத்துப் பார்க்கலாம் என்று, நீ வரைந்த கண்ணாடித் தாள்களை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படமெடுக்கக் கொடுத்தேன். எலி ஒரு தாள், நிழல் ஒரு தாள், தொப்பியும் ஊசியும் ஒரு தாள், எல்லாவற்றுக்கும் மேலே புகை ஒரு தாள். மனிதர் எலித் தாளை அடுக்கவே மறந்துவிட்டு மீதியை மட்டும் வைத்து ஒரு நிமிடத்தையும் எடுத்து முடித்துவிட்டார். ஃபிலிமுக்கு நாயாய் அலைகிற காலத்தில்! கேட்டால், "ஏதோ கொறையுதுன்னு பாத்தேன், புகை நல்லா இருந்துச்சா, விட்டுட்டேன்" என்கிறார்.

பார், எலியே இல்லாவிட்டாலும் உன் புகையைத்தான் பார்க்கிறார்கள். இதைத்தானே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சுருளை இதோடு அனுப்புகிறேன். நீ எடுத்துக்கொண்டு போன கைப்பிடி புரொஜெக்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, யார் தப்பு என்று நீயே சொல்.

அண்ணன்

மார்ச் 29

அண்ணாவுக்கு,

பார்த்தேன். சண்டை போடத்தான் பேனாவை எடுத்திருப்பேன், அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. நடந்தபடியே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுச் சுவரில் ஓட்டினேன். அவர் நாற்காலியில் இருந்தார். படிக்கட்டில் நிழல்கள் ஓடுகின்றன, ஓடுகிற கால்கள் இல்லை. புகை கிளம்புகிறது. ஒரு நிழல் விழுகிறது, ஒரு தொப்பி தானாக உருண்டு வந்து நிற்கிறது. அவர் முதலில் சிரித்தார். "என்ன, பேய்ப் படமா?" என்றார். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டார். எழுந்து சுவர்ப்பக்கம் போனார். கதவுக்கு முதுகைக் காட்டி அவர் நின்றதை நான் ஒரு வருடமாகப் பார்த்ததில்லை.

"இன்னொரு தடவ ஓட்டு."

ஓட்டினேன்.

"ஆளுங்க எங்க?"

"கேமராக்காரர் வைக்க மறந்துட்டாருங்க."

"மறக்கல. அங்க இப்படித்தான் இருந்துச்சு. சத்தம் இருக்கும், புகை இருக்கும், ஓடிக்கிட்டே இருப்போம். பக்கத்துல திரும்பிப் பாத்தா தொப்பி கெடக்கும். ஆளு இருக்காது."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு தண்ணீர் கேட்டார், டம்ளரை நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கு உன் மேலிருந்த கோபமெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. கவலைப்படாதே, சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது.

அண்ணா, பல்லியைத் தூக்கிப் போடு. சண்டையை இப்போது இருக்கிறபடியே விடு, என் புகையோடு, அந்தக் குண்டு எலியோடு. எல்லாரும் சிரிக்கட்டும். சிரித்து முடித்த உடனே அதே சண்டையை எலிகள் இல்லாமல் ஓட்டு, ஒரே ஒரு நிமிடம். பாட்டு வேண்டாம், மேளம் வேண்டாம், யாரும் எதுவும் பேச வேண்டாம். கடைசியில் அந்தப் பொத்தான் தரையில் கிடக்கட்டும். பத்து எண்ணுகிற வரைக்கும் கிடக்கட்டும். அதை நான் வரைந்து தருகிறேன்.

அரைத்தூக்கத்துக்கு என் நன்றியைச் சொல். அவருக்கு, அதாவது உன் மாப்பிள்ளைக்கு, எழுத வேண்டியதை எனக்கு எழுதாதே. அவருக்கே எழுது.

தங்கை

ஏப்ரல் 17

தங்கைக்கு,

நீ அனுப்பிய பொத்தான் வந்தது. சொன்னபடியே செய்தேன். என் பல்லியைக் கழற்ற மனசே வரவில்லை, அது வேறு விஷயம்.

அதே பள்ளிக்கூடத்தில், அதே மண்டபத்தில் போட்டோம். சண்டைக்கு அதே கூச்சல். பிறகு நிழல்கள் வந்தன. முதலில் பத்துப் பதினைந்து பேர் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. பொத்தான் கிடந்தது, விளக்கைப் போட்டார்கள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், "எலிங்க திரும்ப வரும்ல?" என்று கேட்டாள். டீச்சரம்மா அவளைக் கைபிடித்து எழுப்பினார். வெளியே வந்து இரண்டு பையன்கள் விளையாடத்தான் செய்தார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பேர்தான்.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். எட்டு வருடத்தில் எடுத்த எல்லாப் படமும் இதற்காகத்தானோ என்றுகூடத் தோன்றியது. மறுநாள் தகவல் அலுவலகத்துக் குமாஸ்தா வந்தார். தங்கமான மனிதர், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது வேணாம் சார். பழைய முடிவையே வெச்சிருங்க, பள்ளிக்கு அனுப்ப நான் எழுதிக்கறேன். அந்தப் பல்லி நல்லாத்தான இருந்துச்சு?"

"பல்லியும் போர் வேணாம்னுதானே சொல்லுது?"

"சொல்லட்டும் சார். அதால யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. இத பாத்தா... எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. இரண்டு வருடம் நான் உட்கார்ந்து வரைந்த கண்டனத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அரசாங்கமே சான்றிதழ் கொடுக்கிறது! அரைத்தூக்கம் மறந்துபோய் எடுத்த ஒரு நிமிடத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? உன்னிடம் இருக்கிற சுருளைத் தவிர நிழல் பகுதியின் பிரதி எல்லாவற்றையும், நெகட்டிவோடு சேர்த்து, குமாஸ்தா ரசீது கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது இரண்டே வழி. பல்லியை ஒட்டிக் கொடுத்தால் படம் பள்ளிகளுக்குப் போகும், அங்கே ஆபரேட்டர் சண்டையோடு நிறுத்துவார்; நான் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறவரை எப்போது வேண்டுமானாலும் சண்டையை முகாமுக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஒட்டாவிட்டால் முப்பதாம் தேதி காலையில் வேன் வந்து சண்டையை மட்டும் முகாமுக்கு எடுத்துக்கொண்டு போகும். எப்படிப் போனாலும் சண்டைதான் ஓடும். நீ என்ன சொல்கிறாய்?

மாப்பிள்ளைக்கு நான்கு முறை எழுத ஆரம்பித்தேன். நான்கையும் கிழித்துப் போட்டேன். ஒவ்வொன்றிலும் நான் பல்லி மாதிரியே பேசுகிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 22

அண்ணாவுக்கு,

நான் என்ன சொல்வது? தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நீ. குமாஸ்தா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார் என்பதற்காகச் சுருளைத் தூக்கிக் கொடுத்ததும் நீ. கடைசியில் "நீ என்ன சொல்கிறாய்" என்று கேட்க மட்டும் நான்!

டெப்போச் சுவரில் முகாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அவரோடு பஸ் கழுவுகிற இரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டார்களாம். ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவர் அவனிடம் பேசப்போனார், போகாதே என்பதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாராம். வந்து என்னிடம், "எனக்கும் அந்தப் பல்லிக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கிறார்.

அந்த நான்கு நிமிடம் நான் வரைந்தது. கிட்டத்தட்ட மூவாயிரம் படம், பதினான்கு மாதம். அந்தக் குண்டு எலி உருள்வதற்கு மட்டும் ஒரு மாதம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை, இனி செய்வேனா என்றும் தெரியாது. லேபிள் எழுதுகிறவளுக்கு அது ஒன்றுதான் சொத்து. ஆனால் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒருவன் போய்ப் பெயர் கொடுத்தால் நான் இந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்? முகாமுக்கு அது போகக் கூடாது அண்ணா. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்து லேபிளில் தப்பு விட்டு மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம்.

நீ எதைச் செய்வதாக இருந்தாலும் ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டுச் செய். இந்த ஒரு தடவையாவது.

தங்கை

மே 2

தங்கைக்கு,

கேட்காமல் செய்துவிட்டேன். தபாலுக்கு நேரமில்லை என்று எழுத நினைத்தேன். நேரம் இருந்தது. கேட்டால் நீ சரி என்பாய், சொல்லிவிட்டு ஆயுசு முழுக்க அழுவாய். வேண்டாம் என்றால் எனக்குத் தைரியம் போய்விடும். அதனால் கேட்கவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அரைத்தூக்கம் மட்டும் போகமாட்டேன் என்று நின்றார். நெகட்டிவிலிருந்தும் மூன்று பிரதியிலிருந்தும் சண்டைக் காட்சியை வெட்டி எடுத்தோம். பழைய ஃபிலிமைக் கழுவுகிற தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றி அதில் போட்டோம். ஒரு மணி நேரத்தில் படமெல்லாம் கரைந்து, கண்ணாடி மாதிரி வெறும் சுருள்தான் மிச்சம். பிறகு நீ வரைந்த தாள்கள், மூவாயிரமும். அதையும் நாங்கள்தான் கழுவினோம், துணியால், ஒவ்வொன்றாக. குண்டு எலியின் தாள் வந்தபோது அரைத்தூக்கம் வாங்கிக்கொண்டார். "நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்றார். திரும்பிக்கொண்டேன்.

முப்பதாம் தேதி பத்து மணிக்கு வேன் வந்தது. பெட்டியைக் கொடுத்தேன். உள்ளே பல்லி இருந்தது, இரண்டு நிமிடம், ஒரு கீறல் இல்லாமல். குமாஸ்தா திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியை மூடினார். "நெலம சரியில்லாத ஃபிலிம்னு எழுதிக்கறேன் சார்" என்றார். ஆனாலும் மேலிடத்தில் விடமாட்டார்கள். திங்கட்கிழமை விசாரணைக்கு வரச்சொல்லித் தாள் வந்திருக்கிறது. ஸ்டுடியோவைப் பூட்டினாலும் பூட்டுவார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நான் செய்தது சரியா என்றும் தெரியவில்லை. எங்கேயோ வேறு யாராவது வேறு ஒரு சண்டையை இதைவிட நன்றாக வரைந்துகொண்டிருப்பார்கள்.

இந்தக் கடைசிப் பத்தி மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளை, அன்று மண்டபத்துக்கு வெளியே நான் பேசியது கேவலமான பேச்சு. நீங்கள் வந்து இறங்கியபோது, என்ன ஆயிற்று என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்காமல் பாடம் நடத்தினேன். மன்னித்துவிடுங்கள்.

அண்ணன்

மே 6

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். அவர்தான் பிரித்திருக்கிறார். நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "உக்காரு, நானே படிக்கிறேன்" என்றார். முழுவதையும் சத்தமாகப் படித்தார். தொட்டி வந்த இடத்தில் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவர் விடவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, கடைசிப் பத்திவரை படித்து முடித்தார்.

நான் என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். உன்னைத் திட்டினேன் என்று மட்டும் வைத்துக்கொள். உன்னை, குமாஸ்தாவை, ஆபரேட்டர்களை, அரைத்தூக்கத்தை, என்னை. ஒரு தாளாவது வைத்திருக்கக் கூடாதா, ஒரே ஒரு தாள்? என்னிடம் இருக்கிற சுருளில் எலியே இல்லையே. நீ செய்தது சரி என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன, நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. இனிமேலும் நீ கேட்க மாட்டாய், அதுவும் தெரிகிறது.

அவர் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மூணு பேரு, ரெண்டு வருஷம், ஒரு தொட்டி சுடுதண்ணி" என்றார். பிறகு, "நாலு நிமிஷச் சண்டய நிறுத்தறதுக்கே இவ்வளவு பாடா?" என்று சிரிக்க ஆரம்பித்தார். விடாமல் சிரித்தார் அண்ணா, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். எது சிரிப்பு, எது அழுகை என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முடித்துவிட்டு, "மச்சான் தனியா போகவேண்டாம். கேள்வி கேக்கற ரூம்ல எப்படி உக்காரணும்னு ராணுவத்துல கத்துக்கிட்டேன்" என்று சொல்லி, டெப்போவுக்கு லீவு எழுதிக் கொடுக்கப் போயிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். அலுவலக வாசலில் நில். நான் உன்னோடு பேசமாட்டேன், அவர் பேசுவார்.

தங்கை